விலகுவதா, பொறுப்பதா, பேசுவதா: அரசியல் பிளவுக்கு நடுவே மன அமைதி தேடும் வழிகள், ஓர் ஒப்பீடு

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. எண்ணிக்கை ஜூன் 4. இடையில் 46 நாட்கள். வாக்குப்பதிவு இயந்திரங்கள் முத்திரையிட்ட அறைகளுக்குள் கிடந்தன. இனி யார் யாரை மனம் மாற்றினாலும் ஒரு வாக்குகூட இடம் மாறப்போவதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றியது அந்த 46 நாட்களில்தான். சித்தப்பா ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு காணொளியை இட்டார். அக்காள் வீட்டு அத்தான் அதற்கு ஒரு செய்தித்தாள் துணுக்கைப் பதிலாக இட்டார். பத்து மணிக்குள் பேச்சு கட்சியிலிருந்து சாதிக்கும், சாதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வரப்புத் தகராறுக்கும் போய்விட்டது. வைகாசியில் நடந்த காதணி விழாவில் சித்தப்பா முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்பதற்காகவே அத்தான் மூன்றாம் பந்தி வரை வாசலில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "இதுல யாருடா எலக்சன்ல நிக்கிறது, இவரா அவரா?" என்று கேட்டாள்.

அந்தச் சண்டையில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமலே உறக்கத்தை இழந்தேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும்; கை தானாகத் தலைமாட்டில் கைபேசியைத் தேடும்; யார் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்த்த பிறகு, அனுப்பப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு நீண்ட பதிலை மனத்துக்குள் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டு விடியும்வரை கிடப்பேன். இந்த நிலையில் இருப்பவருக்கு ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. குழுவை விட்டு வெளியே வா என்பார் ஒருவர். செய்தி பார்ப்பதைக் குறை என்பார் இன்னொருவர். தியானம் பழகு, மனம் விட்டுப் பேசு, ஊருக்கு உழைக்கும் வேலை ஏதாவது ஒன்றில் இறங்கு என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் நான் முயன்று பார்த்துவிட்டேன். இவற்றைப் பற்றி நடந்த ஆய்வுகளையும் கிடைத்தவரையில் படித்தேன். ஒவ்வொன்றும் எதைக் கொடுக்கிறது, பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இங்கே என் நோக்கம்.

எதைக் கொண்டு அளப்பது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரவில் உறக்கம் வருகிறதா என்பது ஓர் அளவு. எதிர்க்கருத்துக் கொண்ட உறவினரோடும் நண்பரோடும் உறவு மிஞ்சுகிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றை யாரும் கேட்பதில்லை: அமைதி கிடைத்த பிறகு, குடிமகனாகவும் நண்பனாகவும் செய்ய வேண்டியதைச் செய்யும் முனைப்பு நம்மிடம் மிச்சமிருக்கிறதா? டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் ஃபோர்டு, மேத்யூ ஃபைன்பெர்க் ஆகியோர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தக் கேள்வியைத்தான் தொட்டது. அமெரிக்கர்களிடம் அன்றாட அரசியல் எழுப்பும் உணர்ச்சிகளை அவர்கள் நாள்தோறும் பதிவு செய்தார்கள். செய்தியிலிருந்து கவனத்தைத் திருப்பியோ, அதை வேறு கோணத்தில் பார்க்கப் பழகியோ மனத்தை ஆற்றிக்கொண்டவர்கள் நலமாக உணர்ந்தார்கள். அதே நேரத்தில், அரசியலில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதல் அவர்களிடம் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்தது, பக்கவிளைவோடு. இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு வழிக்கும் இந்த மூன்றாம் அளவையும் வைத்துப் பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

விலகல்

விலகல் என்பது நமக்குப் புதிதன்று. முடிதிருத்தும் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று தொங்கிய பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாம். அந்தப் பலகை வைத்த கடைக்காரர் உளவியல் எதுவும் படித்தவர் அல்லர். கண்ணாடி டம்ளர் உடையக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் அந்தக் கடை இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடும். கைபேசிக்குக் கதவு இல்லை என்பதால் நாமே எழுந்து வெளியேற வேண்டியிருக்கிறது.

வெளியேறுவதால் நன்மை உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2018 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த இடைக்காலத் தேர்தல்களுக்கு முந்தைய நான்கு வாரங்கள், பணம் கொடுத்து ஒரு பகுதியினரை ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ முதலியோர் நடத்தியது. கணக்கை முடக்கியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது, அரசியல் நிலைப்பாடுகளில் இருந்த முறுக்கு ஓரளவு தளர்ந்தது, மனநிறைவு கூடியது. கூடியது சிறிதளவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு, நாட்டு நடப்பைப் பற்றிய அவர்களுடைய அறிவும் குறைந்திருந்தது.

இதைப் படித்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் துறந்துவிடலாம் என்று தோன்றும்போது, போஸ்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வை எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். போஸ்னியப் போரில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையின் நினைவுநாளை ஒட்டிய காலத்தில் அங்கே சிலரை ஃபேஸ்புக்கிலிருந்து விலகியிருக்கச் செய்தார்கள். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. விலகியவர்களுக்கு மற்ற இனத்தார் மீதான மதிப்பு கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். குறைந்திருந்தது. காரணம், தங்கள் இனத்தார் மட்டுமே வாழும் பகுதிகளில் இருந்தவர்களுக்குத் திரையை மூடியதும் மிஞ்சியது தங்கள் ஆட்களின் பேச்சு மட்டுமே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். தெருவைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும் ஊர்கள் இன்றும் எத்தனையோ உண்டு; வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் முதலில் பெயரையும் பிறகு சாப்பாட்டையும் விசாரிக்கும் நகரங்களும் உண்டு. அப்படிப்பட்ட தெருவில் குடியிருப்பவருக்கு, கசப்பாக இருந்தாலும் அந்தக் குழு ஒன்றுதான் சன்னல். அதையும் சாத்திவிட்டால் வீட்டுக்குள் அமைதியாகத்தான் இருக்கும்.

குடும்பக் குழுவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்லது கெட்டதுக்கான செய்தி இப்போது அதில்தான் வருகிறது. எங்கள் உறவில் ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினார். ஆறு மாதம் கழித்துப் பெரியம்மா இறந்த செய்தி குழுவில் வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் காடாற்றுக்குத்தான் வந்து சேர்ந்தார். அரசியலால் வந்த மனத்தாங்கலை ஆற்றிவிடலாம்; இதை ஆற்ற முடியவில்லை.

ஆகவே விலகலை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். முகம் தெரியாதவர்கள் கத்தும் இடத்திலிருந்து விலகுவதில் இழப்பு ஏதும் இல்லை. இரவு எட்டு மணித் தொலைக்காட்சி விவாதங்களை விட்டு இரண்டாண்டுகள் ஆகின்றன. ஒரு செய்திகூட எனக்குத் தெரியாமல் போனதில்லை, கத்தல்தான் போயிற்று. முகம் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்திலிருந்து விலகுவது வேறு கணக்கு.

அளவு வைத்தல்

முழு விலகலுக்கும் முழு மூழ்கலுக்கும் நடுவே இருப்பதால் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காலையில் ஒருமுறை செய்தித்தாள், அதோடு சரி. குழுவின் அறிவிப்பு ஒலியை அணைத்து வைப்பது. 2020இலிருந்து வாட்ஸ்அப்பில் அதை "எப்போதும்" என்றே வைத்துவிட முடிகிறது. செலவு கிடையாது, யாருக்கும் தெரியாது, யார் மனமும் நோகாது. குடும்பக் குழுவையும், நான் பத்தாம் வகுப்பு படித்த பள்ளியின் தோழர்கள் குழுவையும் ஒரே நாளில் ஒலியடக்கி வைத்தேன். ஒரு வாரத்தில் உறக்கம் திரும்பியது. நான் சொன்ன முதல் அளவின்படி இதைவிட மலிவான, இதைவிட விரைவான வழி வேறில்லை. இங்கேயே கட்டுரையை முடித்திருப்பேன், அந்தப் பள்ளிக் குழுவில் நடந்தது எனக்குத் தெரியவராமலே போயிருந்தால்.

எங்கள் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன். அவன் வீட்டு நோன்புக் கஞ்சிக்காகவே ரமலான் மாதத்தில் நாங்கள் நான்கு பேர் மாலையில் அவன் தெருவைச் சுற்றுவோம். குழுவில் தேர்தல் சூட்டோடு சூடாக அவன் மதத்தாரைப் பற்றிய ஒரு படம் வந்திருக்கிறது. அனுப்பியவனும் எங்கள் வகுப்புத்தான். எங்கிருந்தோ வந்ததை, பலமுறை பகிரப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறியோடு, பார்த்தும் பாராமலும் தள்ளிவிட்டவன். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் நான்கைந்து விழுந்திருந்தன. கண்டித்து ஒருவரும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் வெளியேறிவிட்டான். 2022 ஆகஸ்டிலிருந்து வாட்ஸ்அப் குழுவை விட்டு ஒருவர் வெளியேறினால் நிர்வாகிக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். முன்பு போல "வெளியேறினார்" என்ற சாம்பல் நிற வரி எல்லோருக்கும் தெரிவதில்லை. வெளியேறியவர்களின் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம், அதுவும் 60 நாட்களுக்குத்தான். நான் அந்தக் குழுவை நிதானமாகத் திறந்து பார்த்தபோது அந்த 60 நாட்களும் கடந்துவிட்டிருந்தன. அவன் பெயரைத் தேடினேன், பட்டியலில் இல்லை. மேலே மேலே தள்ளிப் போய்த்தான் அந்தப் படத்தைக் கண்டேன்.

நான் நிம்மதியாக உறங்கிய அந்த இரண்டு மாதத்தில் அவன் எப்படி உறங்கினான் என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் அழைத்தபோது வீட்டு நலம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில், "யாராச்சும் ஒருத்தன் 'இது தப்புடா'ன்னு போட்டிருந்தா நான் இருந்திருப்பேன்டா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் மன அமைதியைப் பற்றிய பொதுவான அறிவுரைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக எனக்குப் படத் தொடங்கியது. செய்தியை ஒரு கருத்தாக மட்டும் எதிர்கொள்ளக் கூடியவருக்கு ஒலியை அணைப்பது எளிது. அந்தச் செய்தி தன்னைப் பற்றியதாக இருக்கும்போது, தெருவில் நடந்தாலும் அலுவலகத்துக்குப் போனாலும் அது கூடவே வரும். தலித் ஊழியரிடம், மாற்றுச் சாதியில் மணம் முடித்து வந்த மருமகளிடம், சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த நண்பரிடம், "இதையெல்லாம் மனத்தில் ஏற்றிக்கொள்ளாதே" என்று சொல்வது, காலை மிதித்தவனை விட்டுவிட்டு மிதிபட்டவனிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு ஒப்பானது. அவர்களுக்கு விலகல் முற்றிலும் நியாயமான தேர்வு. அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. என்னைப் போன்ற, நேரடியாகக் காயம் படாதவன் அளவு வைக்கும்போதுதான் அந்த அளவுக்குள் எது விழவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மனப் பயிற்சி

பயிற்சிகளில் நம் பக்கத்தில் பலரும் நாடுபவை இரண்டு. எஸ்.என். கோயங்கா மரபில் வரும் விபாசனா பத்து நாள் முகாம் ஒன்று. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மற்றொன்று. இரண்டும் சினத்தை அணுகும் விதம் வேறு வேறு.

விபாசனா முகாமில் கைபேசி, புத்தகம், பேனா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பத்தாம் நாள் காலை வரை யாரோடும் பேச்சில்லை. முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனிப்பதோடு சரி. பிறகுதான் உடல் முழுதும் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் பயிற்சி. கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் ஒரு மையம் இருக்கிறது. என் அலுவலக நண்பர் ஒருவர் போய்வந்தார். சினம் என்பது முதலில் உடம்பில் சூடாக, இறுக்கமாகத்தான் வருகிறது, காரணங்களை நாம் பின்னால் சேர்க்கிறோம் என்பதை அங்கே கண்ணால் கண்டது போல உணர்ந்ததாகச் சொன்னார். திரும்பும் வழியில் பேருந்திலேயே கைபேசியைத் திறந்து, தாம்பரம் வருவதற்குள் ஒருவரோடு சண்டை போட்டதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். பன்னிரண்டு நாள் விடுப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் நாள்கூலிக்குப் போகிறவருக்கும் கட்டணமின்மையால் மட்டும் அது எட்டிவிடாது. கடுமையான மனநோய் உள்ளவர்களை அந்த மையங்களே சேர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றன.

மனவளக்கலை அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே நடப்பது. தமிழ்நாட்டின் பெரும்பாலான நகரங்களில் மன்றங்கள் உள்ளன. நான் போனது இதற்குத்தான். தவத்தைவிட எனக்கு உதவியது அதில் வரும் அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அது படிப்படியாகப் போகிறது. சினம் தவிர்த்தலில், யார் மீது எதற்காகச் சினம் வருகிறது என்று தாளில் எழுத வேண்டும். நான் எழுதிய பட்டியலில் முதலில் சித்தப்பா வந்தார், இரண்டாவது அத்தான். மூன்றாவதாக ஓர் அரசியல் தலைவரின் பெயரை எழுதிவிட்டு அடித்தேன். அவரை நான் வாழ்நாளில் சந்திக்கப்போவதில்லை, "வாழ்க வளமுடன்" என்று அவரை வாழ்த்துவதால் அவருக்கோ எனக்கோ ஒன்றும் ஆகப்போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பியவர்கள் அந்த இரண்டு உறவினர்கள்தாம் என்பது அந்தத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பயிற்சியால் கிடைத்தது செய்திக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி. கணவன் மனைவி சண்டைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்றும், உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் சொல்கிறார். காது மடல் சூடாகிறது என்று தெரிந்தவுடன் எழுந்து போய் மாடியில் காயும் துணியை எடுத்து மடித்துவிட்டு வருகிறேன். 20 நிமிடம் ஆகிவிடுகிறது. ஆனால் ஃபோர்டு குழுவினர் சொன்ன பக்கவிளைவை இங்கேதான் நான் நேரில் கண்டேன். மன்றத்தில் என்னோடு பயின்ற சிலருக்கு எதுவுமே உறைக்காத ஒரு நிலை வந்திருந்தது. எதைச் சொன்னாலும் "எல்லாம் வினைப்பயன்" என்று புன்னகைத்தார்கள். வேதாத்திரி மகரிஷி உலக சமாதானத்தைப் பற்றியே விரிவாக எழுதியவர். 1958இல் தொடங்கிய அமைப்புக்கு உலக சமுதாய சேவா சங்கம் என்று பெயர் வைத்தவர். அந்தப் புன்னகையை அவர் கணக்கில் எழுத முடியாது.

நேரில் பேசுதல்

எதிர்க்கருத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மனம் விரியும் என்பது நல்ல நம்பிக்கை. உண்மை அவ்வளவு நேராக இல்லை. கிறிஸ்டோபர் பெய்லும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ட்விட்டர் பயனர்களை ஒரு மாதம் எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் கணக்கு ஒன்றைப் பின்தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிட இறுகினார்கள். சனநாயகக் கட்சியினரிடமும் தளர்ச்சி தெரியவில்லை. சித்தப்பா அனுப்பும் காணொளிகளுக்கு அத்தான் அனுப்பும் பதில் காணொளிகள் என்ன செய்திருக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016இல் வெளியிட்டது மயாமி நகரில் வீடு வீடாகப் போய் நடத்திய உரையாடல்களைப் பற்றியது. சுமார் பத்து நிமிடப் பேச்சு. திருநர் மீது வெறுப்புக் கொண்டவரிடம் வாதம் செய்யாமல், நீங்கள் எப்போதாவது மற்றவரிலிருந்து வேறானவர் என்பதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டு, சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டார்கள். வெறுப்பில் ஏற்பட்ட குறைவு மூன்று மாதம் கழித்தும் நீடித்தது. வாதத்தால் இறங்காத ஒன்று கேள்வியால் இறங்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கட்சியைப் பற்றிப் பேசவில்லை, "இலவசம் என்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது, எப்போதிருந்து?" என்று மட்டும் கேட்டேன். 2006இல் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியானபோது, அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவர் ஒரு சோடி மாட்டை விற்றுத் தம் கடனைக் கட்டி முடித்திருந்தார். கட்டாதவர்கள் சிரித்தார்கள். ஒழுங்காக இருந்தவனை ஏமாளியாக்கிய நாள் அது என்று சொல்லும்போது அவர் குரல் இன்றும் கம்மியது. அதே ஆண்டு, அதே தள்ளுபடியால்தான் அத்தானின் தகப்பனார் நிலத்தை விற்காமல் தப்பினார் என்பது எனக்கு முன்பே தெரியும். பதினெட்டு ஆண்டுகளாக இருவரும் கட்சிகளின் பெயரால் போட்ட சண்டைக்கு அடியில் கிடந்தது ஒரே அரசாணை. இருவரும் ஒருவருக்கொருவர் இதைச் சொன்னதில்லை. காணொளியில் இது வராது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே பெரியார், ராஜாஜி நட்பைச் சொல்வது வழக்கம். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்ததற்காகப் பெரியார் சிறை சென்றது ராஜாஜியின் ஆட்சியில்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறி எதிர்த்து நின்றவர் பெரியார்தான். ஆயினும் 1949இல் தம் திருமண முடிவைப் பற்றிக் கலந்து பேசத் திருவண்ணாமலைக்குப் போய் அவர் சந்தித்தது ராஜாஜியை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில், சக்கர நாற்காலியில் வந்து கண்கலங்கி அமர்ந்திருந்தார். இதைக் கேட்டு நெகிழாதவர் இல்லை. ஆனாலும் இதை எல்லோருக்கும் பொதுவான பாடமாக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர்கள் இருவரும் சம உயரத்தில் நின்றவர்கள். ஒருவர் மற்றவரின் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டவர் இல்லை. அவர்கள் தனியே பேசியதற்குப் பார்வையாளர்கள் இல்லை என்பதும் முக்கியம். குழுவில் நாற்பது பேர் பார்க்கும்போது யாராலும் பின்வாங்க முடியாது, திண்ணையில் முடியும்.

உறவைக் காக்கும் அளவில் இந்த வழிக்கே முதலிடம் கொடுப்பேன். உறக்கத்துக்கு உடனடியாக உதவாது. சித்தப்பா வீட்டிலிருந்து வந்த இரவு எனக்கு உறக்கமே இல்லை. எல்லோரிடமும் செல்லுபடியாவதும் இல்லை. நம்மை இழிவானவர் என்று கருதுகிறவரிடம் போய் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்கும் கடமை யாருக்கும் கிடையாது; அந்த வேலை நடுவில் நிற்பவர்களுடையது.

சேர்ந்து வேலை செய்தல்

உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தி மேட் லோ என்பவர் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் மோதியவர்களிடம் அது குறைந்தது. பழகினால் போதும் என்பதில்லை, எந்தப் பக்கம் நின்று பழகுகிறோம் என்பதுதான் கணக்கு. ஈராக்கில் ஐ.எஸ். தாக்குதலால் இடம்பெயர்ந்த கிறித்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துச் சல்மா மூசா செய்த ஆய்வு, ஓராண்டு முன்னதாக வந்தது, இதற்கு ஓர் எல்லையையும் காட்டியது: ஆடுகளத்துத் தோழர்களிடம் மனம் மாறியது, களத்துக்கு வெளியே முகமறியாதவர்கள் விஷயத்தில் அவ்வளவாக மாறவில்லை.

நம் ஊரில் இதற்கு ஆயத்தமாக இருக்கும் இடம் கிராம சபை. 2022இலிருந்து ஆண்டுக்கு ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆண்டு குடியரசு நாள் கூட்டத்தில் எங்கள் ஊர் ஊருணிக்கு வரும் கால்வாயை மறித்த ஆக்கிரமிப்பைப் பற்றிய மனுவில் சித்தப்பாவின் கையெழுத்துக்கு அடுத்த வரியில் அத்தானின் கையெழுத்து இருந்தது. காதணி விழாவுக்கு நான்கு மாதம் முன்பு அது. தண்ணீர் விஷயத்தில் ஒன்றானவர்கள் பந்தியில் ஒன்றாகவில்லை. மூசாவின் ஆய்வு எங்கள் ஊருக்கும் பொருந்துகிறது. இருந்தும், நான் சொன்ன மூன்றாம் அளவில், செயலுக்கான முனைப்பை வளர்ப்பதில், மற்ற வழிகள் இதற்கு அருகிலும் வரவில்லை. மெதுவானது, அலுப்பூட்டுவது, மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

இவை எதுவும் பிடி கொடுக்காத நிலை ஒன்றும் உண்டு. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், வேலையில் மனம் ஒட்டாவிட்டால், வாழ்க்கையே வெறுத்துப் போனால் அதை அரசியல் வருத்தம் என்று தள்ளிவிடக் கூடாது. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

என் முடிவு எனக்குப் பொருந்துவது. மற்றவர் கணக்கு வேறாக இருக்கும். தொலைக்காட்சி விவாதங்களை அடியோடு விட்டாயிற்று. தவம் காலையில் அரை மணி நேரம், விட்டு விட்டு. இரு குழுக்களும் இன்னும் ஒலியடக்கியே கிடக்கின்றன, ஆனால் புதன், ஞாயிறு இரு நாளும் மாலையில் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்க்கிறேன். கருத்து எதுவானாலும் கடந்துபோகிறேன். ஒரு மனிதரையோ ஒரு கூட்டத்தாரையோ இழிவு செய்யும் செய்தி இருந்தால் "இது தவறு, நீக்கிவிடு" என்று ஒரு வரி எழுதுகிறேன். விளக்கம் கொடுப்பதில்லை, வரும் பதிலுக்குப் பதில் எழுதுவதும் இல்லை. பிறகு அனுப்பியவனைத் தனியே அழைக்கிறேன். அந்தப் படத்தை அனுப்பியவனையும் அழைத்தேன். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை, யாரெல்லாம் குழுவில் இருக்கிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை என்றான். மறுநாள் அவனாகவே என் நண்பனை அழைத்துப் பேசியிருக்கிறான்.

என் நண்பன் குழுவுக்குத் திரும்பவில்லை. நானும் வரச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் சந்திக்கிறோம். போன முறை அவன் ஆதரிக்கும் கட்சியைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, ஒரு மணி நேரம் விடாமல் சண்டை போட்டோம். கடைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.